ஈரநிலத்து அரும்பூண்டு: அழுகண்ணி

மட்டக்களப்பு வாவியின் மேற்கிலுள்ள படுவான்கரை போன்ற நெல் விளையும் பகுதிகளில், வயலுக்கும் குளத்திற்கும் இடையே, பயிர் செழிக்காத மணற்பாங்கான ஈரத்தரைகள் உண்டு. இவை பயனற்றவை என்று கமக்காரர் கருதுவர். ஆயினும், வளமான மண்ணில் வாழ இயலாத சில அரிய பூண்டுகளுக்கு இத்தகைய தரையே உறைவிடமாகும். அவற்றுள் ஒன்று அழுகண்ணி.

அடையாளம்

இலங்கையில் அழுகண்ணி இனங்கள் மூன்று உள. ஒன்று மலைநாட்டிற்குரியது, ஏனைய இரண்டும் தாழ்நிலத்தில் வளர்வன. தாழ்நில இனங்களுள் ஒன்றன் இலைகள் தரையோடு ஒட்டி, காசளவு வட்டமாக விரிந்திருக்கும். நடுவே எழும் மெல்லிய தண்டில் வெண்ணிறப் பூக்கள் தோன்றும். மற்றையது இழை போன்ற நீண்ட இலைகளுடன் நிமிர்ந்து வளரும். இரண்டிலும் இலைமயிரின் நுனிகளில் கண்ணீர்த்துளி போன்ற பசைநீர் மின்னும். பெயர்க் காரணமும் அதுவே.

பூச்சியை உண்பது ஏன்?

இடைவிடாது நீர் ஊறும் மணலில் தழைச்சத்து மிகக் குறைவு. அக்குறையை அழுகண்ணி பூச்சிகளால் நிரப்புகின்றது. பசையில் ஒட்டிய சிறு பூச்சியை மயிர்கள் வளைந்து பற்ற, இலை அதனைச் செரித்துக்கொள்ளும். சாள்ஸ் டார்வின் 1875 ஆம் ஆண்டில் இத்தகைய தாவரங்களைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். அழுகண்ணி நெற்பயிருக்குக் கேடு செய்வதில்லை.

தேடும் முறை

1. மாரி ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் நாள்களில், நிழலற்ற, புல் உயராத ஈரத்தரையில் தேடுக.

2. உவர்நீர் ஏறும் வாவிக்கரையை விடுத்து, நன்னீர் கசியும் இடங்களை நோக்குக.

3. காலையில், குனிந்து வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் பசைத்துளிகள் ஒளிர்வது தெரியும்.

4. முதலைகள் உள்ள நீர்க்கரைகளில் தனியே செல்லற்க.

காக்கும் முறை

செடியைப் பிடுங்கி வீட்டுத் தோட்டத்தில் நடுவதால் பயனில்லை. உரமேறிய மண்ணில் அது மடியும். யூரியா கரைந்த வயல்நீரையும் களைநாசினியையும் அத்தரையில் விடலாகாது. வடிகால் வெட்டுவதும் மண் கொட்டி நிரப்புவதும் அதனை அடியோடு அழிக்கும்.

நீர்நிலையில் பூக்கும் யாவும் காக்கத்தக்கன அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆற்றுவாழை விரைவிற் பெருகித் தொல்லையாயிற்று; அதனைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற நேர்ந்தது. அதனை அகற்றுதலே முறை.

ஈரத்தரையை மேடாக்கித் தோட்டஞ்செய்ய எண்ணும் கமக்காரர் முதலில் ஒருமுறை அதனை நடந்து பார்த்தல் வேண்டும். அழுகண்ணி காணப்படின், அம்மண் சத்தற்றதென்பதும், அங்கு இடும் பசளை நீரோடு வீணாகும் என்பதும் அறியப்படும். அத்துண்டினை அவ்வாறே விட்டுவைத்து, அப்பசளையை நல்ல வயலுக்கு இடுவது செலவையும் குறைக்கும். அரியதொரு பூண்டினையும் காக்கும்.