சுருட்டை முடிக்குத் தனிக் கட்டணம் எழுது

அன்புள்ள தங்கைக்கு,

கோட்டூர்புரத்தில் சொந்தமாக பார்லர் திறக்கப் போகிறாயாமே, சந்தோஷம். வாடகை, ஏசி, நாற்காலி பற்றி யோசனை சொல்ல நிறையப் பேர் வருவார்கள். நான் சுருட்டை முடியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பியூட்டிஷியன் கோர்ஸில் அதை நேராக்கத்தான் பெரும்பாலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். சுருட்டையைச் சுருட்டையாகவே வைத்திருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு.

சுருட்டை முடிக்காரி உன் நாற்காலியில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் உட்காருவாள். "என் முடி ரொம்பப் பரட்டைக்கா" என்பாள். ரெட்டைப் பின்னலுக்குள் அடங்காததற்காகப் பள்ளியில் திட்டு வாங்கியிருப்பாள். கல்யாண வீடுகளில் அத்தைமார்களின் அறிவுரையும் கேட்டிருப்பாள். அவள் சொல்வதை வைத்து முடிவுக்கு வராதே. உலர்ந்த சுருளை நெருக்கமான பல் சீப்பால் வாரினால் யார் தலையும் பரட்டையாகத்தான் ஆகும். முடி ஈரமாக, கண்டிஷனர் போட்டு வழுக்கும்போது, அகலப் பல் சீப்பாலோ விரலாலோ நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுப்பதை ஒருமுறை அவளைக் கண்ணாடியில் பார்க்க வை. தன் முடி சுருட்டை என்பதே சிலருக்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.

அதனால் வந்தவுடன் ஸ்ப்ரே பாட்டிலை எடுக்காதே. உலர்ந்த முடியைத் தொட்டுப் பார். பிடரியில் இறுக்கமான சுருள், உச்சியில் வெறும் அலை என்று ஒரே தலையில் இரண்டு மூன்று விதம் இருக்கும். 2சி, 3ஏ என்று எண்ணோடு வருகிறவர்களும் உண்டு. ஓப்ரா வின்ஃப்ரேயின் முடி அலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் தொண்ணூறுகளில் வகுத்த கணக்கு அது. பேசிக்கொள்ள உதவும், கத்தரிக்கு உதவாது. ஈரத்தில் தோளைத் தொடும் சுருள், உலர்ந்தால் தாடை வரை ஏறிவிடும். ஆகவே உலர்ந்த நிலையிலேயே, சுருள் சுருளாக வெட்டப் பழகு.

இனி தண்ணீர். உன் தொழிலில் பாதி இதில்தான் இருக்கிறது. அடையாற்றங்கரையில் ஒரு அடுக்ககத்தில் போர் தண்ணீர் வரும், பக்கத்துக் கட்டடத்தில் லாரித் தண்ணீர் இறங்கும், இன்னொன்றில் மெட்ரோ வாட்டரும் போரும் ஒரே தொட்டியில் கலந்து வரும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை எளிதாக இறங்கும். சுருட்டையில் வளைவுக்கு வளைவு தேங்கிவிடுவதால் நுனி எப்போதும் வறண்டே இருக்கும். அதன்மேல் கடின நீரின் கால்சியமும் இரும்பும் படிந்தால் எவ்வளவு விலை உயர்ந்த கிரீமும் பலன் தராது. "என்ன ஷாம்பூ போடுறீங்க?" என்பதற்கு முன்னால் "வீட்ல என்ன தண்ணி வருது?" என்று கேள். போர் தண்ணீர் என்றால், கடைசி இரண்டு குவளை மட்டும் கேன் தண்ணீரால் அலசச் சொல். உப்புப் படிவை எடுக்கும் சீலேட்டிங் ஷாம்பூவை எப்போதாவது போட்டால் போதும்.

லொரெய்ன் மாஸ்ஸியின் 'கர்லி கேர்ள்' புத்தகம் ஷாம்பூவையே விட்டுவிடச் சொல்கிறது. நியூயார்க்கில் கடை நடத்தியவர் எழுதியது. மே மாத வெயிலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சர்தார் படேல் சாலையில் நிற்கிற தலைக்கு அது ஒத்துவராது. வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து பொடுகுதான் வரும். மென்மையான ஷாம்பூ, தலைத்தோலில் மட்டும். கிளிசரின் அதிகமுள்ள கிரீம்களிலும் கவனம் வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நம்மூரில் அது ஈரத்தை உள்ளே இழுத்து முடியை உப்பவைத்துவிடும்.

பாட்டி வைத்தியத்தை மொத்தமாக ஒதுக்கவும் வேண்டாம், மொத்தமாகக் கும்பிடவும் வேண்டாம். குளிப்பதற்கு முன் தேங்காயெண்ணெய் தேய்த்தால் முடியின் புரத இழப்பு குறைகிறது என்று 2003ல் மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். தேங்காயெண்ணெய் விற்கிறவர்களின் ஆய்வு என்பதையும் நினைவில் வை. ஆனாலும் என் அனுபவமும் அதையேதான் சொல்கிறது. சீயக்காய்ப் பொடியை அப்படியே தேய்க்க விடாதே, துகள் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். காயை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு வடிகட்டிய நீர் போதும். செம்பருத்தி இலையின் வழவழப்பு நல்ல கண்டிஷனர். ஈரத்தலையைத் துண்டால் பட்பட்டென்று தட்டுவது மட்டும் கூடவே கூடாது. பழைய பருத்தி பனியன் துணியில் ஒற்றி எடுக்கச் சொல்.

ஸ்மூத்தனிங் விஷயத்துக்கு வருகிறேன். பில் பெரிதாக வருவது அதில்தான், தெரியும். கெரட்டின் என்று பேர் போட்டு விற்கும் பல திரவங்களில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அல்லது சூட்டில் உண்டாகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அறிவித்துவிட்டது. 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று வந்த கிளையாக்ஸிலிக் அமிலமும் சாதுவில்லை. அது கலந்த கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு, ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்டது. வாடிக்கையாளர் அந்தப் புகையை வருடத்தில் ஓரிரு முறை சுவாசிப்பார். ஜன்னல் சாத்திய ஏசி அறையில் நீ நாள்தோறும் சுவாசிப்பாய்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோயில்களில் காணிக்கையாகும் முடி சென்னையிலிருந்தும் ஏற்றுமதியாகிறது. அதில் இயற்கையான அலை, இயற்கையான சுருள் என்று தனித்தனியாகப் பிரித்து வெளிநாட்டுக்கு விற்கிறார்கள். அங்கே காசு கொடுத்து வாங்கும் சுருளை நாம் இங்கே காசு கொடுத்து நேராக்கிக்கொள்கிறோம். விரும்பிக் கேட்கிறவளைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக அம்மா இழுத்துக்கொண்டு வந்த பெண்ணிடம் "உனக்கு வேணுமாம்மா?" என்று தனியாக ஒருமுறை கேட்டுவிடு.

நேராக்கும் வேலையைக் குறைத்தால் வருமானத்துக்கு என்ன வழி என்பாய். சுருட்டை முடியை உலர்ந்த நிலையில் வெட்டி, அலசி, சுருளை ஒழுங்குசெய்து, வீட்டில் எப்படிக் கவனிப்பது என்றும் சொல்லிக்கொடுத்து அனுப்ப ஒன்றரை மணி நேரமாவது ஆகும். சாதாரண 'ஹேர் கட்' விலைக்கு அதைச் செய்தால் மூன்றே மாதத்தில் வெறுத்துப்போய் மறுபடி ஸ்மூத்தனிங்குக்கே போய்விடுவாய். கட்டணப் பலகையில் 'சுருட்டை முடி வெட்டு' என்று தனி வரி போட்டு, அந்த ஒன்றரை மணி நேரத்துக்குரிய தொகையைக் கூச்சப்படாமல் எழுது. கடை திறக்கும் நாளிலேயே எழுதிவிடு. பிறகு ஏற்றுவது கஷ்டம்.

அன்புடன்,
உன் அக்கா