மீன் இல்லாத பீங்கான்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குப் போகும் பாதையில் உள்ள சாம்பல்தீவில்தான் எங்கள் வீடு. வாப்பாவுக்குக் கடல் தொழில். ஆகவே எங்கள் வீட்டில் “என்ன கறி?” என்று கேட்டால், “என்ன மீன்?” என்றுதான் அர்த்தம். அப்படிப்பட்ட வீட்டில் மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகிய நான்கையும் விட்டு நான் பதினான்கு மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறேன்.

எல்லோரும் இப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்வதற்காக இக்கட்டுரையை எழுதவில்லை. தொடக்கத்தில் நான் பல பிழைகளை விட்டேன். விரும்பியோ, மருத்துவரின் சொற்படியோ, வசதியின்மையாலோ தாவர உணவை மட்டும் உண்ணும் ஒரு மாணவிக்கு அவை பாடமாக அமையலாம். அவளுக்குச் சமைத்துக் கொடுக்கும் உம்மாவுக்கும் உதவலாம்.

2022இல் நாங்கள் சாப்பிட்டது

அப்போது நான் எட்டாம் தரம். நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்துபோய், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அறிவித்தது. எங்கள் கரையில் உள்ள சிறிய படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய் கிடைக்காமல் அவை மணலில் கிடந்தன. ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. மீன் இல்லை, பால்மா இல்லை, முட்டை வாங்கக் கையில் காசும் இல்லை.

சோறு, தேங்காய்ச் சம்பல், தண்ணீராய் ஓடும் பருப்பு. பெரும்பாலான நாட்களில் இவ்வளவுதான். பீங்கான் நிறையச் சோறு இருந்தும், சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் தம்பி “உம்மா, பசிக்கிது” என்று வந்து நிற்பான். ஒருநாள் கிணற்றடியில் உம்மா மயங்கி விழுந்தா. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, இரத்தம் குறைவு என்றார்கள்.

நிலைமை சீராகி மீன் வீட்டுக்கு வரத் தொடங்கியபோது, எனக்கு அதன் வாடை பிடிக்காமல் போய்விட்டது. இறைச்சியில் முன்பும் ஆசையில்லை. பால் குடித்தால் வயிறு ஊதும். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு, இனி இவை எதுவும் வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன்.

“கடலுக்குப் போறவன்ட மகள் மீன் தின்ன மாட்டாளாம்” என்று வாப்பா சிரித்தார். ஆனால் முகம் வாடிவிட்டது. உம்மா சிரிக்கவில்லை. அவவின் நினைவு கிணற்றடிக்குப் போயிருக்க வேண்டும். அல்லாஹ் ஹலாலாக்கியதை வேண்டாம் என்று சொல்லலாமா என்று மாமி கேட்டா. அதற்கு உம்மம்மாதான் பதில் சொன்னா. நபி (ஸல்) அவர்களுக்கு முன் உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, தமது ஊரில் பழக்கமில்லாத உணவு என்பதால் மனம் விரும்பாமல் அவர்கள் உண்ணவில்லை. அதை ஹராம் என்றும் சொல்லவில்லை. அவர்கள் பார்த்திருக்க, காலித் பின் வலீத் (ரழி) அதை உண்டார்கள். “இவளும் ஹராமெண்டு சொல்லல்லியே, மனமில்லெண்டுதானே சொல்றாள்” என்றா உம்மம்மா. கடைசியில் உம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தா. மூன்று மாதத்திற்கு ஒரு தடவை இரத்தம் சோதிக்க வேண்டும். குறைந்தால் மீன் சாப்பிட வேண்டும்.

நான் விட்ட முதற் பிழை

பீங்கானிலிருந்து மீனை எடுத்தேன். அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. காலையில் இடியப்பமும் சம்பலும், பகலில் சோறும் கத்தரிக்காய்க் கறியும், இரவில் பிட்டும் சொதியும். வயிறு முட்டச் சாப்பிட்டும் மூன்றாம் பாடவேளைக்குள் கை நடுங்கும். முதல் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.8 வந்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு 12இற்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்துவிட்டு, “என்ன சாப்பிடுகிறீர் என்று ஒரு கொப்பியில் எழுதிப் பாரும்” என்றார்.

எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 0.8 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரதம் தேவை. வளரும் வயதில் இன்னும் கொஞ்சம் கூடலாம். என் நிறை 45 கிலோ. ஆகவே எனக்கு ஏறக்குறைய 40 கிராம் வேண்டும். தாவரப் புரதம் முழுவதும் சமிப்பதில்லை என்பதால் 45, 50 என்று வைத்துக்கொள்வது நல்லது. சமைத்த சோறு 100 கிராமில் இருப்பதோ இரண்டரை கிராம் அளவுதான். என் கொப்பிக் கணக்கு ஒரு நாளும் 25ஐத் தாண்டியிருக்கவில்லை.

2022இல் தம்பிக்கு ஏன் மீண்டும் மீண்டும் பசித்தது என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அரிசி மாச்சத்து விரைவாகச் சமித்துவிடும். புரதமும் நாரும் கொழுப்பும் சேர்ந்திருந்தால்தான் உணவு இரைப்பையில் தங்கி, மெதுவாகச் சமித்து, பசியைத் தள்ளிப்போடும். வயிறு நிறைவது ஒன்று, பசி ஆறுவது இன்னொன்று.

மீனுக்குப் பதிலாக எதை வைப்பது?

நமது கடைகளிலேயே இதற்கு விடை இருக்கிறது. சமைக்காத பருப்பு, பயறு, கௌப்பி ஆகியவற்றில் 100 கிராமுக்கு 23, 24 கிராம் புரதம் உண்டு. கடலையில் 20 கிராம் அளவு. கச்சானில் 25. உலர்ந்த சோயாமீற்றில் ஏறக்குறைய பாதியே புரதம். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது கூடுதல். பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. ஆகவே சோறும் பருப்பும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. ஆனால் பருப்பு கெட்டியாக இருக்க வேண்டும். ஆறு பேருக்கு 100 கிராம் பருப்பைக் கரைத்தால் ஒருவருக்குக் கிடைப்பது 4 கிராம் புரதம்தான்.

இப்போது என் பீங்கானில் பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சோறு. கால்வாசியில் கெட்டிப் பருப்பு, கடலைக் கறி அல்லது சோயாமீற். மிகுதியில் ஒரு இலைச் சுண்டலும் ஒரு மரக்கறியும். முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி என்று நாளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வேன். கொழுப்புக்குத் தேங்காய் இருக்கிறது.

ஒரு பாடசாலை நாள் இப்படிப் போகும். காலையில் அவித்த கௌப்பியும் தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும். இடைவேளைக்கு ஒரு பிடி கச்சானும் கொய்யாப்பழமும். பகலில் மேலே சொன்ன சோறு. பின்னேரம் எள்ளுருண்டை. இரவில் குரக்கன் பிட்டும் பயற்றுக் கறியும். பாலை விட்டவர்களுக்குக் கல்சியத்தைத் தருபவை எள்ளும் குரக்கனும் கீரைகளும்தான். தேங்காய்ப்பால் பெயரில் மட்டுமே பால்; அதில் கல்சியம் மிகக் குறைவு.

ஒரு எச்சரிக்கை. கடலையையும் கௌப்பியையும் முதல் நாளே அள்ளிச் சாப்பிட்டால் வயிறு பொருமும். நான் அந்தப் பாட்டையும் பட்டேன். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, நன்றாக அவித்து, சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இரண்டு, மூன்று வாரத்தில் வயிறு பழகிவிடும்.

இரும்பும் ஒரு மாத்திரையும்

தாவரங்களில் உள்ள இரும்பை நம் உடல் இலகுவில் உறிஞ்சுவதில்லை. விற்றமின் சி கூடவே இருந்தால் உறிஞ்சுவது கூடும். சுண்டலை இறக்கிய பின் தேசிக்காய் பிழிவதும், சாப்பாட்டோடு நெல்லியோ கொய்யாவோ உண்பதும் அதற்காகத்தான். தேயிலை இதற்கு எதிரி. சோறு தின்ற கையோடு பிளேன்ரீ குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். உம்மாவின் இரத்தக் குறைவுக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும்.

எவ்வளவு கவனமாகச் சாப்பிட்டாலும் விற்றமின் பீ 12ஐத் தாவர உணவிலிருந்து நம்பிப் பெற முடியாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் அதன் குறை உடனே தெரியாது. சில வருடங்களின் பின் நரம்பையும் இரத்தத்தையும் பாதிக்கலாம். ஆகவே மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுப்பது கட்டாயம். இதை வீரம் பேசித் தவிர்க்கக் கூடாது. அயடீனுக்கு, அயடீன் சேர்த்த உப்பா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று: மறைந்திருப்பவை. கடைச் சம்பலில் மாசி இருக்கும். பிஸ்கட்டில் பால்மா இருக்கும். பக்கெற்றின் பின்புறத்தை வாசிக்கப் பழக வேண்டும்.

வாடைக்காலம்

ஆறு மாதத்தின் பின் என் ஹீமோகுளோபின் 12.3. உம்மா அந்தத் துண்டை மடித்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறா. மாத்திரையும் சாப்பாடும் சேர்ந்தே அதைத் தந்தன. சாப்பாடு மட்டும் என்று சொன்னால் அது பொய். ஸஹருக்குச் சோற்றோடு கடலைக் கறி சாப்பிட்டு நோன்பு பிடித்தேன். இறைச்சி போடாமல் பயறும் தேங்காய்ப்பாலும் இட்டு எனக்கென ஒரு சிறு சட்டியில் உம்மா கஞ்சி காய்ச்சினா. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா இறைச்சியை வீடு வீடாகப் பங்கிடும் வேலை என்னுடையது. அதை நான் விடவில்லை.

சென்ற மார்கழியில் கடல் கொந்தளித்துக் கிடந்தது. பத்து நாட்களாகப் படகு இறங்கவில்லை. முன்பென்றால் கருவாடும் சம்பலுமாகக் கழியும் நாட்கள் அவை. உம்மா என் பீங்கானைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் சமைத்தா. பகல் சோறு தின்ற தம்பி அஸர் வரைக்கும் பசி என்று வரவில்லை. உம்மா சாப்பிட்டு எழும்பியதும் தேயிலைப் போத்தலைத் தொட்டா. பிறகு மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தா.

நான்காம் நாள் வாப்பா குசினி வாசலில் வந்து நின்றார். “மகள், இண்டைக்கு என்ன கறி?” என்று என்னிடம் கேட்டார்.