உப்புக்காற்றில் ஸ்பீக்கர் வயர்

குளச்சல், முட்டம் மாதிரி கடலோரத்தில் வீடு என்றால் ஸ்பீக்கர் வயரின் விலையைவிட அதன் நுனியைக் கவனியுங்கள். உப்புக்காற்று பட்ட செம்பு சீக்கிரம் பச்சை பூக்கும், பாட்டு கரகரக்கும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, கறுத்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி இறுக்கினாலே பாதித் தொல்லை தீரும். வாங்கும்போது ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5 மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம்.

மாட்டும்போது இரண்டில் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறினால் குரல் நடுவில் நிற்காது, பேஸ் மெலியும். விலை கூடிய வயரைச் சோதிக்க, எது என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாட்டச் சொல்லுங்கள்; அதே பாட்டை அதே சத்த அளவில் கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லையா, அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்.