சுவிஸ் பயணம்: மலையோடு கடையையும் பார்த்து வருவோம்



சுவிட்சர்லாந்து என்றதும் பனிமலையும் கைக்கடிகாரமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கோவைக்கு அந்நாடு புதிதல்ல. 1962-இல் இங்கு லட்சுமி மெஷின் வொர்க்ஸ் தொடங்கியபோது தொழில்நுட்பம் தந்தது அந்நாட்டு ரீட்டர் நிறுவனமே. பரப்பளவில் தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத அந்த மலைநாட்டுக்குச் சுற்றுலா செல்லும் வணிகர், ஒரு நாளையாவது கடைவீதிக்கு ஒதுக்க வேண்டும்.

புறப்படும் முன்:

ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்கு நாணயம் யூரோ அல்ல, பிராங்க். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு; பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் திறந்திருக்கும். எனவே கடை பார்க்க வார நாளே ஏற்றது.

பார்க்க வேண்டியவை இரண்டு:

1. மிக்ரோ. 1925-இல் சூரிச் நகரில் காட்லீப் டுட்வைலர் என்பவர் ஐந்து லாரிகளில் தொடங்கிய வியாபாரம் இது. காபி, அரிசி, சர்க்கரை, பாஸ்தா, தேங்காய்க் கொழுப்பு, சோப்பு என ஆறே சரக்குகள். இடைத்தரகு இல்லாததால் விலை குறைவு. உற்பத்தியாளர்கள் பலர் சரக்குத் தர மறுத்தனர். அவர் சொந்தமாகவே தயாரிக்கத் தொடங்கினார். சிறு வணிகர்களின் எதிர்ப்பால் 1933-இல் புதிய கிளைகள் திறக்கத் தடைச் சட்டம் வந்தது. 1945 வரை அது நீடித்தது. ஆயினும் மிக்ரோ இன்று அந்நாட்டின் மிகப்பெரிய சில்லறை நிறுவனங்களில் ஒன்று.

2. ஃபோல்க். சிற்றூர்களில் காணப்படும் சிறு கடைகள் இவை. பலவற்றை உள்ளூர்க் கூட்டுறவு அமைப்புகளோ தனி வணிகர்களோ நடத்துகிறார்கள். சரக்கு ஒரே மொத்தக் கொள்முதலில் வருகிறது. பல கடைகளில் அஞ்சல் சேவையும் உண்டு. கடிதம் அனுப்ப வந்தவர் ரொட்டியும் பாலும் வாங்கிச் செல்கிறார்.

நமக்குப் பாடம்:

பெரிய கடைகளும் ஆன்லைன் விற்பனையும் நம் மளிகைக் கடைகளை நெருக்கும்போது, சட்டத்தின் துணையைக் கேட்பது நம் உரிமை. ஆனால் 12 ஆண்டுத் தடைகூடப் பெரிய கடையை நிறுத்தவில்லை என்பதை மறக்கலாகாது. அங்கே சிற்றூர்க் கடை நிலைத்ததற்குச் சேர்ந்து வாங்கியதும், ஊருக்கு வேண்டிய சேவையைக் கடைக்குள் கொண்டு வந்ததும் பெரிதும் உதவின.

காந்திபுரத்தில் ஒரே தெருவில் பத்துக் கடைக்காரர்கள் ஒரே பருப்பைப் பத்து விலைக்கு வாங்குகிறோம். சேர்ந்து வாங்கினால் மூட்டைக்கு எவ்வளவு குறையும் என்று கணக்குப் பார்த்திருக்கிறோமா? அதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. அடுத்த சங்கக் கூட்டத்துக்கு அவரவர் கொள்முதல் பில்லைக் கொண்டு வந்தாலே போதும்.