நீர் கோத்தல்: மருத்துவச் சொல்வழக்கில் இடவரையறையின் தேவை

ஆய்வுச் சுருக்கம்

குருதி குழாய்க்குள் தேங்குவதும், நீர் குழாயை விட்டுத் திசுவில் ஊறுவதும், உறைகளுக்கிடையே சேர்வதும் வெவ்வேறு நிலைகள். பேச்சுவழக்கில் இவற்றுட் பின்னிரண்டும் ‘நீர் கோத்தல்’ என்றே குறிக்கப்படுகின்றன. உறுப்புகளில் இவை விளைவிக்கும் மாற்றங்களை விளக்கி, கலைச்சொல்லில் இடவரையறை வேண்டும் என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: குருதித் தேக்கம், நீர்வீக்கம், சோபை, மகோதரம், கலைச்சொல்

முன்னுரை

தமிழ் மருத்துவ மரபு உடல் வீக்கத்தைச் சோபை என்றும், வயிற்றில் நீர் சேர்ந்து பெருத்தலை மகோதரம், பெருவயிறு என்றும் வழங்கும். இவை கண்ணுக்குப் புலனாகும் தோற்றத்தால் அமைந்த காரணப்பெயர்கள். உள்ளுறுப்புகளில் நிகழும் மாற்றத்தைச் சுட்டத் தோற்றம் மட்டும் போதாது. நீர் நிற்கும் இடமும் சொல்லில் புலப்பட வேண்டும்.

1. தேக்கமும் கசிவும்

நுண்குழாயினுள் உள்ள அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. குருதிப் புரதங்கள், குறிப்பாக ஆல்புமின், அதனை உள்ளே ஈர்த்து நிறுத்துகின்றன. இச்சமநிலையை எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இல் விளக்கினார். சிரைவழி அடைபட்டாலோ இதயம் தளர்ந்தாலோ குருதி தேங்கி அழுத்தம் உயர்கிறது; அதன் விளைவாக நீர் கசிகிறது. எனினும் தேக்கமின்றியும் வீக்கம் தோன்றும். சிறுநீரில் புரதம் இழக்கப்படுதலும், யானைக்கால் நோயில் நிணநீர்வழி பழுதுறுதலும் இதற்குச் சான்றுகள். ஆகவே தேக்கம் காரணங்களுள் ஒன்று, வீக்கம் விளைவு.

2. உறுப்புகளில் மாற்றங்கள்

இதயத்தின் இடப்பக்கம் தளரும்போது நுரையீரலில் குருதி தேங்குகிறது. கசியும் நீர் காற்றறைகளை நிரப்ப, உயிர்வளி குருதியில் கலப்பது தடைப்படுகிறது. படுத்தால் மூச்சுத்திணறல் மிகுகிறது.

வலப்பக்கம் தளரும்போது கல்லீரல் பெருக்கிறது. அதன் நுண்மடல்களின் நடுப்பகுதி கருஞ்சிவப்பாகவும் சுற்றுப்பகுதி வெளிறியும் தோன்றுவதால், வெட்டுமுகம் சாதிக்காயை ஒத்திருக்கும். நோயியலார் இதனைச் சாதிக்காய்க் கல்லீரல் என்பர். தேக்கம் நீடித்தால் உயிரணுக்கள் மடிந்து நார்த்திசு பெருகும்.

காலில் தோன்றும் வீக்கம் தோலை விரித்து இடம் கொள்ளும். மூளைக்கோ மண்டையோட்டினுள் விரிய இடமில்லை. எனவே சிறிதளவு வீக்கமும் உள்ளழுத்தத்தை உயர்த்தி, குருதியோட்டத்தைக் குறைத்து, உயிருக்கு ஊறு விளைவிக்கும். நீரின் அளவைவிட அது சேரும் இடமே விளைவைத் தீர்மானிக்கிறது என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

3. சொல்லும் இடமும்

‘நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது’ என்னும் தொடர் காற்றறைகளில் நீர் நிறைதலையும் நுரையீரல் உறைகளுக்கிடையே நீர் சேர்தலையும் ஒருங்கே குறிக்கிறது. பின்னதில் ஊசி செலுத்தி நீரை வெளியேற்ற இயலும். முன்னதில் இயலாது, மருந்தாலும் உயிர்வளியாலும் இதயத்தின் சுமையைத் தணிக்க வேண்டும். ‘ஊசியால் நீரை எடுத்துவிடலாமே’ என நோயாளியின் உறவினர் கேட்பது அறியாமையன்று. சொல் ஏற்படுத்திய மயக்கமே. ‘நீர்க்கோவை’ என்னும் சொல்லும் சளியோடு கூடிய தலைபாரத்தைக் குறிக்க வழங்குவதால் இங்குப் பயன்படாது.

எனவே குழாயினுள் நிகழ்வதைக் குருதித் தேக்கம் என்றும், திசுவில் ஊறுவதை நீர்வீக்கம் என்றும், உறைகளுக்கிடையே நிற்பதை உறையிடை நீர்ச்சேர்க்கை என்றும் வேறுபடுத்தி, உறுப்பின் பெயரை முன்னொட்டி வழங்கலாம்.

முடிவுரை

சோபை, மகோதரம் ஆகிய மரபுச்சொற்கள் நோயின் தோற்றத்தைச் செம்மையாக உணர்த்துகின்றன. அவற்றை விலக்க வேண்டியதில்லை. அவற்றோடு இடவரையறை பெற்ற சொற்களும் வழக்கில் நிலைபெறின், நோயாளி தம் நோயைத் தமிழிலேயே தெளிவாக அறிந்து சிகிச்சைக்கு இசைவளிக்க வழி பிறக்கும்.