பாட்டரியின் இருப்புக் கணக்கு
(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் எழுதியது)

சங்கங்களின் புத்தகங்களைப் பார்வையிடும்போது, செலவுச் சீட்டுகளில் ஒரே இனம் திரும்பத் திரும்பத் தென்படுமாயின், அதன் காரணத்தை வினவுவது என் கடமை. திருமங்கலம் வட்டாரத்தில் மல்லிகை பயிரிடுவோர் சங்கம் ஒன்றில் அவ்வாறு என் கண்ணில் பட்டது, “பாட்டரி வாங்கிய வகையில்” என்னும் இனமாகும். மூன்று ஆண்டுகளில் இருமுறை பாட்டரியும் ஒருமுறை இன்வர்ட்டரும் வாங்கியிருந்தனர். மீண்டும் வாங்குவதற்குத் தீர்மானமும் எழுதி வைத்திருந்தனர்.

அச்சங்கத்தின் பூச்சேகரிப்புக் கொட்டகை மின்கம்பி எட்டாத தோட்டங்களின் நடுவே இருக்கிறது. விடியுமுன் பறித்த மொட்டுகளை எடை போட்டு, மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு அனுப்ப வேண்டும். சூரிய ஒளியால் எரியும் விளக்குகளே அங்குத் துணை. விளக்கு அணைந்தால் எடையில் ஐயம் பிறக்கும். எடையில் ஐயம் பிறந்தால் சங்கத்தின்மீதே ஐயம் பிறக்கும். ஆகவே இதனைச் சிறு விஷயமென்று தள்ளிவிடுதல் தகாது.

இன்று இத்தகைய அமைப்புகள் நம் அங்கத்தினர் பலரிடம் உள்ளன. 2008-ஆம் ஆண்டுக்குப் பின் சில ஆண்டுகள் நீடித்த கடும் மின்வெட்டின்போது தறிக்கொட்டகைகள் பலவற்றில் இன்வர்ட்டர் புகுந்தது. தமிழக அரசு 2011-ல் அறிவித்த பசுமை வீடுகள் திட்டம், 300 சதுர அடி வீடு ஒவ்வொன்றுக்கும் 5 சூரிய ஒளி விளக்குகளைக் கொணர்ந்தது. பொருள் வந்துவிட்டது, அதனைப் பேணும் அறிவும் உடன் வர வேண்டுமன்றோ?

கண்மாயும் பாட்டரியும்

மதுரைச் சீமையில் கண்மாயை அறியாதார் இல்லை. மாடக்குளம் கண்மாயை மனத்திற் கொண்டு இவ்வமைப்பை நோக்குவோம். சோலார் பேனல் எனப்படும் சூரியத் தகடு வரத்துக்கால். பாட்டரி கண்மாய். நிறைந்தபின் மேலும் ஏறாமல் தடுக்கும் சார்ஜ் கண்ட்ரோலர் கலுங்கைப் போன்றது. பாட்டரியிலுள்ள 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கி வெளியே விடும் இன்வர்ட்டரே மடை.

மடையில் நீர் வரவில்லையென்றால், மடைக்கதவை மாற்றுவதற்கு முன் கண்மாயில் நீர் உளதா என்று பார்ப்போம். அங்கும் இல்லையெனில் வரத்துக்காலைப் பார்ப்போம். ஆனால் விளக்கு அணைந்தவுடன் நாம் செய்வது என்ன? இன்வர்ட்டரைக் குறை கூறுகிறோம். “பாட்டரி குறைவு” என்று அது கூவி நிற்பது பெரும்பாலும் அதன் பழுதன்று. உள்ள நிலையை உரைப்பதேயாகும்.

கண்மாயில் வண்டல் படிவதுபோல், பாட்டரியின் ஈயத்தகடுகளில் ஈயசல்பேட் படிகிறது. மின்சாரத்தை எடுக்கும்போதெல்லாம் இது உண்டாகும். உடனே முழுமையாக ஏற்றினால் கரைந்துவிடும். அரைகுறையாகவே நாட்கணக்கில் விட்டுவைத்தால் இறுகிப்போகும். பிறகு கொள்ளளவு குறையும். ஈய-அமில பாட்டரியை 1859-ல் பிரான்சு நாட்டுப் பிளாண்டே கண்டறிந்த நாள் முதல் இவ்வியல்பு மாறவில்லை. நம் அண்டையிலுள்ள காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நிதியிலும் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இத்தகைய மின்வேதியியலை ஆராய்வதற்கென்றே அமைந்ததாகும்.

வரவும் செலவும்

ஒரு தறிக்கொட்டகையை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் அடங்குவது 1,800 வாட்-மணி. பாட்டரி நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் அதில் பாதியளவே, அதாவது 900 வாட்-மணியே எடுக்கலாம்.

10 வாட் விளக்கு 4, ஐந்து மணி நேரம் எரிந்தால் 200 வாட்-மணி. 75 வாட் மின்விசிறி 2, ஆறு மணி நேரம் சுழன்றால் 900. ஆக மொத்தம் 1,100. இன்வர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,300 ஆகிறது. நாள்தோறும் இருப்புக்கு மிஞ்சிப் பற்று எழுதுகிறோம்! இதே இடத்தில் 30 வாட் விசிறிகளைப் பொருத்தினால் மொத்தச் செலவு 660 அளவில் அடங்கிவிடும். புதுப் பாட்டரியைவிட விசிறியை மாற்றுவதே இங்குத் தக்க பரிகாரம்.

வரவையும் காண்போம். 300 வாட் தகடு நல்ல வெயில் நாளில் 5 மணி நேர முழு வெயிலுக்கு ஒப்பான ஒளி பெற்றாலும், வெப்பம், தூசி, கம்பி, பாட்டரி ஆகியவற்றின் இழப்புப் போக 1,000 வாட்-மணி அளவே கைக்கு வரும். ஐப்பசி, கார்த்திகை மாத அடைமழையில் இது பெரிதும் குறையும். மழைக்காலத்தில் செலவைச் சுருக்குதல் குடும்பத்துக்குப் போலவே பாட்டரிக்கும் பொருந்தும்.

பழுதை நாடும் முறை

பழுது நேர்ந்தால் கீழ்க்கண்ட வரிசையில் பார்த்தல் நலம். இதற்கு வேண்டியவை மல்டிமீட்டர் ஒன்றும், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றுமே.

1. தகடு: தூசியும் பறவை எச்சமும் உளவா, வேப்பங்கிளையின் நிழல் விழுகிறதா என்று நோக்குக. பிற்பகலில் விழும் சிறு நிழலும் வரவை வெகுவாகக் குறைக்கும்.

2. நண்பகல் அளவு: வெயில் உச்சியில் இருக்கும்போது 12 வோல்ட் பாட்டரியின் முனைகளில் 13.5 முதல் 14.4 வோல்ட் வரை காணப்பட்டால் மின்சாரம் ஏறுகிறது. 12.5-க்குள்ளேயே நின்றால் தகடு, பியூஸ், கண்ட்ரோலர், கம்பி ஆகியவற்றில் குறை தேடுக.

3. விடியற்கால அளவு: விளக்குகளை நிறுத்திச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, சூரியன் எழுமுன் அளக்க வேண்டும். 12.6 அல்லது 12.7 எனில் நிறைவு, 12.2 எனில் பாதி, 11.9-க்குக் கீழ் எனில் ஏறக்குறைய வெறுமை. முழுவதும் ஏற்றிய பின்னும் 10.5 அளவில் நின்றால், ஆறு அறைகளுள் ஒன்று இறந்துபட்டது என்று கொள்ளலாம். ஓர் அறைக்கு 2 வோல்ட் அன்றோ?

4. விரைவில் நிறைதல்: காலை வெயிலிலேயே “நிறைந்தது” என்று காட்டி, இரவில் ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும் பாட்டரி பலரை ஏமாற்றும். வண்டல் மேடிட்ட கண்மாயும் விரைவில் நிறையும், விரைவில் வற்றும்.

5. அடர்த்தி: குழாய்த் தகட்டுப் பாட்டரிகளில் நிறைவு பெரும்பாலும் 1240. தயாரிப்பாளர் குறித்த எண்ணையே அளவாகக் கொள்க. அறைகளுக்கிடையே 30-க்கு மேல் வேற்றுமை இருந்தால் தாழ்ந்த அறையில் நோய் உண்டு.

6. இணைப்பு: 300 வாட் சுமைக்கு, 230 வோல்ட் பக்கத்தில் ஓடுவது ஒன்றேகால் ஆம்பியருக்குச் சற்று மிகுதியே. 12 வோல்ட் பக்கத்திலோ 25 ஆம்பியருக்கும் மேல் ஓடும். தளர்ந்த திருகும், முனையில் பூத்த வெண்பச்சைக் களிம்பும் இங்குப் பெருந்தடை. சுமை ஓடும்போது பாட்டரி முனையிலும் இன்வர்ட்டர் முனையிலும் அளந்து பார்க்க. வேற்றுமை 0.3 வோல்ட்டுக்கு மேற்பட்டால் கம்பியும் இணைப்புமே குற்றவாளி.

7. இன்வர்ட்டர்: மேற்கூறிய யாவும் செவ்வையாக இருந்தால் மட்டுமே இதனை ஐயுறுக. எல்லாச் சுமையையும் நீக்கி, ஒரே ஒரு விளக்கை ஏற்றிப் பாருங்கள். அது எரிந்தால் குறை சுமையில். எரியாவிட்டால் பெட்டியைத் திறவாமல் பயிற்சி பெற்றவரை அழையுங்கள். நிறுத்திய பின்னும் அதன் உட்பகுதியில் அதிர்ச்சி தரும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

லித்தியம் பாட்டரிக்கு நீரும் அடர்த்தி அளவும் இல்லை. அதன் வோல்ட் கடைசிவரை ஒரே நிலையில் நிற்குமாதலால் மேற்கண்ட எண்கள் அதற்குப் பொருந்தா. கண்ட்ரோலரையும் அதற்குரிய நிலையிலேயே வைக்க வேண்டும்.

சங்கத்தில் கண்டது

மல்லிகைச் சங்கத்துக்குத் திரும்புவோம். அங்கே இரு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் அமைத்திருந்தனர். ஒன்று ஓராண்டுக்கு முன் வாங்கியது. மற்றது அதற்கும் முந்தியது. விடியலில் தனித்தனியே அளந்தோம். புதியது 12.6, பழையது 11.3. பழையதன் ஓர் அறையில் அடர்த்தி 1120-க்கு இறங்கியிருந்தது. தகடுகளின் மேற்பகுதி நீரின்றி வெளியே தெரிந்தது. கிழ மாட்டோடு இளங்காளையை ஒரே ஏரில் பூட்டியதைப் போன்ற நிலை அது. மூலையில் கிடந்த முந்தைய இன்வர்ட்டரை நல்ல பாட்டரிகளில் இணைத்தபோது தடையின்றி ஓடிற்று. அதற்குப் பதிலாகப் புதியது வாங்கிய பணம் வீணே.

“தண்ணீர் ஊற்றுவது எவர் பொறுப்பு?” என்று கேட்டேன். காரியதரிசி தலைவரை நோக்கினார். தலைவர் காவற்காரரை நோக்கினார். காவற்காரரோ, “நான் ஊற்றினேன் ஐயா, கிணற்றுத் தண்ணீர்தான்” என்றார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. காய்ச்சி வடித்த நீர் வாங்க எவரும் பணம் கொடுக்கவில்லை. உப்பும் சுண்ணமும் கலந்த நீர் தகட்டைக் கெடுக்கும் என்று எவரும் சொல்லவுமில்லை.

அம்முறை செலவைத் தவிர்க்க இயலவில்லை. ஒரே அளவும் ஒரே வயதும் உடைய இரு பாட்டரிகள் வாங்கப்பட்டன. ஓராண்டுப் பாட்டரி அலுவலக விளக்குக்குச் சென்றது. ஆனால் அன்று பதிவேடு ஒன்றும் தொடங்கப்பட்டது. அதன்பின் இரு கோடைகள் கடந்துவிட்டன. கொட்டகையில் விளக்கு அணையவில்லை.

பேணும் முறை

மாதம் ஒருமுறை நீர்மட்டத்தைப் பார்த்து, காய்ச்சி வடித்த நீரை மட்டுமே குறியளவு ஊற்றுக. அமிலம் ஊற்றலாகாது. முனைகளை ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் துடைத்து, உலர்த்தி, வாசலின் தடவுக. சோடா நீர் அறைக்குள் சிந்தக் கூடாது. வெப்பம் 10 பாகை மிகுந்தால் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பர். ஆகவே தகரக் கூரையின் கீழ் வெயில் படும் இடத்தில் அதனை வைக்கலாகாது.

ஏறும் பாட்டரியிலிருந்து தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு எழும். பீடி, சிமினி விளக்கு அருகில் வேண்டா. ஆயுத பூஜையன்று சந்தனமும் குங்குமமும் இடலாம். கற்பூரத்தை வெளியே காட்டுக. வேலை செய்யுமுன் மோதிரம், வளையல், சங்கிலியைக் கழற்றுக. இணைப்பைக் கழற்றும்போது சுமையை நிறுத்தி, முதலில் தகட்டின் கம்பியையும் பின்னர் பாட்டரியின் கம்பியையும் கழற்றுக. மாட்டும்போது பாட்டரியே முதலில். அமிலம் பட்டால் உடனே ஏராளமான நீரால் கழுவுக. கண்ணில் பட்டால் கழுவியபின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க.

பழைய பாட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது நஞ்சு. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதனை முறையாகத் திருப்பிச் சேர்க்கும் வழியை வகுத்துள்ளன. வாங்கிய கடையிலேயே ஒப்படைத்து ரசீது பெறுக.

கண்மாயை நம் முன்னோர் குடிமராமத்தால் காத்தனர். முறை வைத்து ஆள் வந்தனர். பாட்டரிக்கும் அதுவே வழி. தேதி, விடியற்கால வோல்ட், ஒவ்வோர் அறையின் அடர்த்தி, ஊற்றிய நீர், பார்த்தவர் கையொப்பம் என ஐந்து பத்திகள் கொண்ட நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். மாதம் அரைமணி நேர உழைப்பு, பல ஆயிரம் ரூபாய்ச் சங்கப் பணத்தைக் காக்கும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. நமது பாட்டரியின் கொள்ளளவு என்ன? நாம் நாள்தோறும் எடுப்பது எவ்வளவு?
2. சென்ற மாதம் நீர்மட்டத்தைப் பார்த்தவர் யார்? அதற்குப் பதிவு உண்டா?
3. சென்ற முறை பாட்டரியோ இன்வர்ட்டரோ வாங்குமுன் எவ்வெவற்றை அளந்து பார்த்தோம்?

மூன்றாம் வினாவுக்கு “ஒன்றையும் அளக்கவில்லை” என்பது விடையாயின், அடுத்த தீர்மானத்தை எழுதுமுன் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள்.