கணினி நேரத்தைத் தானம் கொடுப்பவர்களுக்கு

பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் போட்டால் நன்றாக ஓடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஓடும்தான். அதற்காக ஓடுகிற எல்லாவற்றையும் இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இருந்த மூன்று கணினிகளிலும் லினக்ஸ் போட்டேன். அறிவியல் கணக்குக்கு என்று ஒதுக்கியது ஒன்றை மட்டும்தான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கணினி சும்மா இருக்கும் நேரத்தை ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கும் முறை இது. பெரிய கணக்கு ஒன்றைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி இணையம் வழியே வீடுகளுக்கு அனுப்புவார்கள். நம் கணினி போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1999 மே மாதம் தொடங்கிய செட்டி அட் ஹோம்தான் இதை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. வேற்றுலக அறிவின் சமிக்ஞை ஏதாவது வானொலி அலைகளில் இருக்கிறதா என்று தேடிய திட்டம். 2020 மார்ச் இறுதியோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அதே குழு உருவாக்கிய பாயிங்க் மென்பொருளில் இன்றைக்கும் பல திட்டங்கள் ஓடுகின்றன. புரத வடிவங்களைக் கணக்கிடும் ரொசெட்டா அட் ஹோம் அவற்றில் ஒன்று. அது 2024-இல் வேதியியல் நோபல் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகத்தில் பிறந்தது.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. ஏழாம் தலைமுறை ஐ5 சிப் வைத்த எங்கள் டெஸ்க்டாப்பை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே மாறியாக வேண்டும். மாறுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது: மின்சாரக் கணக்கு.

பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். சும்மா இருக்கும்போது 40 வாட், கணக்கு ஓடும்போது 100 வாட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்படியும் நாள் முழுக்க ஆன் செய்து வைத்திருக்கும் கணினி என்றால் கூடுதல் செலவு 60 வாட், நாளைக்கு 1.44 யூனிட், மின்வாரியம் ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். மற்றபடி அணைத்தே வைத்திருப்போம் என்றால் முழு 100 வாட்டையும் தானக் கணக்கில்தான் எழுத வேண்டும். அது 144 யூனிட். இலவச யூனிட்டுகளை ஃப்ரிட்ஜும் விசிறியுமே தின்றுவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். ஏசி ஓடும் மாதங்களில் இந்த 144 யூனிட் நம்மைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடும்.

இந்தக் கணக்கைப் போட்டதும் வீட்டுக் கோர் 2 டியோ பந்தயத்திலிருந்து விலகியது. அந்த டெஸ்க்டாப் சிப்கள் 65 வாட் வகை. பத்து ஆண்டு கழித்து வந்த 15 வாட் லேப்டாப் சிப், அதைவிட அதிக வேலையைக் கால்வாசி மின்சாரத்தில் முடித்துவிடும். பழசுக்கு உயிர் கொடுப்பது நல்ல காரியம்தான். அதைக் கணக்குப் போட வைப்பது சிக்கனம் அல்ல. இப்போது அதில் அப்பா பேப்பர் படிக்கிறார். “எனக்கு இது போதும்பா, இதுல வேற எதையும் போட்டு ஓட்டாத” என்று சொல்லிவிட்டார். மூன்றாவதான லேப்டாப்பைத் தவிர்த்ததற்குக் காரணம் வேறு. யூனிட்டுக்கு அதிக வேலை தருவது அதுதான் என்றாலும், குட்டி விசிறியை வைத்துக்கொண்டு ராத்திரி பகலாக ஓடினால் சூட்டில் பேட்டரி உப்பிவிடக்கூடும். ஆக, தானத்துக்கு மிஞ்சியது ஐ5 டெஸ்க்டாப்தான்.

லினக்ஸ் போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லினக்ஸ் வகைகளில் மின்ட் போதும். ஃபைல்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், சத்தம் மூன்றும் வேலை செய்தால் பிறகு பழையதை அழிக்கலாம். சில வைஃபை சிப்களுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டியிருக்கும். அதை இறக்கவே இணையம் வேண்டுமே என்று முழிக்காமல் போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் போட்டால் போதும். தமிழ்99 விசைப்பலகையை மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

பாயிங்க் மென்பொருளை மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்தே நிறுவுங்கள். அப்படி நிறுவினால் அது பின்னணிச் சேவையாக, தனக்கென்று ஒரு பயனர் கணக்கில் ஓடும். யாரோ எழுதிய நிரலை நம் வீட்டுக்குள் விடுகிறோம். அது நம் போட்டோக்களும் வங்கிக் காகிதங்களும் இருக்கும் கணக்கில் ஓடாமல் தனிக் கணக்கில் ஓடுவது ஆறுதல். இதில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. பாயிங்க் மேனேஜரைத் திறந்தால் சேவையோடு இணைய முடியவில்லை என்று சொல்லும். பாயிங்க் என்ற பெயரிலேயே இருக்கும் பயனர் குழுவில் உங்கள் கணக்கைச் சேர்த்து, ஒருமுறை லாக் அவுட் செய்து உள்ளே வந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். என்விடியா கார்டு இருந்தால் டிரைவர் மேனேஜரில் அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவரைப் போடுங்கள். லினக்ஸோடு வரும் திறந்தமூல டிரைவரில் கூடா (CUDA) கணக்கு ஓடாது. கார்டு தெரிகிறதா என்பதை பாயிங்க்கின் ஈவென்ட் லாக் பதிவின் முதல் சில வரிகளில் பார்க்கலாம். சில நேரம் டிரைவர் எழுவதற்குள் பாயிங்க் எழுந்து, கார்டே இல்லை என்று சாதிக்கும். சேவையை மறுபடி தொடங்கினால் கண்டுபிடித்துவிடும்.

நம் ஊரில் முக்கியமானது சூடு. பாயிங்க்கில் இரண்டு அளவுகள் அடுத்தடுத்து இருக்கும்: எத்தனை சதவீதக் கோர்களைப் பயன்படுத்தலாம், எத்தனை சதவீத நேரம் பயன்படுத்தலாம். சூட்டைக் குறைக்கப் பலரும் இரண்டாவதைத்தான் குறைக்கிறார்கள். அப்போது அது கணக்கைச் சில நொடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டும். விசிறி ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்து இழுத்து மூச்சுவிடும், சூடும் ஏறி ஏறி இறங்கும். நேரத்தை 100-லேயே வைத்துவிட்டுக் கோர்களைக் குறைப்பதுதான் சரி. நான்கில் மூன்று என்பது நல்ல அளவு. நாலாவது கோர் வீட்டு வேலைக்கு. சென்சார் நிரலில் வெப்பநிலையைப் பாருங்கள். 80 டிகிரிக்குக் கீழே நின்றால் எனக்குத் திருப்தி.

அப்படி நிற்கவில்லை என்றால் பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். எங்கள் பெட்டியின் சிபியூ விசிறியைக் கழற்றியபோது, கீழே அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்து பொடியாகியிருந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன். இதில் கிடைத்த பலன் எந்த மென்பொருள் அமைப்பிலும் கிடைக்கவில்லை.

இனி கரண்ட் போகும் விஷயம். லினக்ஸுக்கு மாறியதில் நான் மிகவும் மதிக்கும் லாபம் வேகம் அல்ல, இதுதான். பயாஸில், மின்சாரம் திரும்பியதும் தானே ஆன் ஆகு என்று ஓர் அமைப்பு இருக்கும். அதைப் போட்டுவைத்தால் கரண்ட் வந்ததும் கணினி எழும். பாயிங்க் சேவையாக இருப்பதால் யாரும் பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழையக் காத்திராமல் விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகான வேலை மட்டும்தான் போகும். ஆனால் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை சேமிப்பது என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆகவே அடிக்கடி கரண்ட் போகிற ஊரில், பருவநிலைக் கணிப்பு மாதிரி ஒரே வேலை நாள்கணக்கில் நீளும் திட்டங்களை நான் எடுப்பதில்லை. மின்ட்டின் பவர் அமைப்பில் தானாகத் தூங்கப்போவதையும் நிறுத்திவிடுங்கள். திரை அணைந்தால் போதும்.

நாம் மவுஸைத் தொட்டால் கணக்கு நிற்கட்டும் என்ற வசதியை லினக்ஸில் நம்ப வேண்டாம். சேவையாக ஓடும் நிரலுக்கு நாம் தொட்டது பல நேரம் தெரிவதில்லை. சிபியூ கணக்கு மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுவதால் நமக்கு இடைஞ்சலும் இல்லை. கிராபிக்ஸ் கார்டு கணக்கு அப்படியல்ல, வீடியோ திக்கும்; அதை மட்டும் பகலில் நிறுத்திவைத்து இரவில் ஓடவிடலாம்.

திட்டம் தேர்ந்தெடுக்கும்போது ரேமைப் பாருங்கள். ரொசெட்டாவின் சில வேலைகள் ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல் கேட்கும். நான் முதலில் சேர்ந்தது ஐன்ஸ்டைன் அட் ஹோம். 2010-இல் அரெசிபோ தொலைநோக்கியின் பதிவுகளிலிருந்து அது பல்சார் எனப்படும் துடிப்பு விண்மீன் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்தது. அதன் தடம் இருந்த துண்டு போய்ச் சேர்ந்த இடங்கள் அயோவாவில் ஒரு தம்பதியின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஒருவருடைய கணினியும். ஒரே துண்டை இருவருக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள்.

அதனால் நிறுத்தும்போதும் ஒரு முறை இருக்கிறது. ஏசி ஓடும் ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீட்டில் இது ஓடுவதில்லை. அதற்குச் சில நாள் முன்பே புதிய வேலை வேண்டாம் என்ற பட்டனை அழுத்திவிட்டு, கையில் இருப்பதை முடிக்க விடுவேன். பாதியில் அணைத்துப் போட்டால் கெடு முடியும்வரை அந்தத் துண்டு நம்மிடமே கிடக்கும். கெடு தாண்டிய பிறகுதான் வேறொருவருக்குப் போகும். ஜோடி விடையை அனுப்பிவிட்டவரும் அதுவரை காத்திருக்க வேண்டும்.